பிழைகள் காட்டும் வழி: கோமாரி வைரஸும் ஒரு வகுப்பறைக் கணக்கும்

விடைத்தாள் திருத்தும் நம் எல்லோருக்கும் இந்த அனுபவம் உண்டு. இரண்டு தாள்களில் சரியான விடை ஒன்றுபோல் இருந்தால் நாம் கவலைப்படுவதில்லை. தவறான விடை ஒன்றுபோல் இருந்தால்தான் சிவப்புப் பேனா சற்று நின்றுவிடும்.

சில ஆண்டுகளுக்கு முன் பத்தாம் வகுப்புக் காலாண்டுத் தேர்வுத் தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். மெண்டல் பட்டாணிச் செடியில் 7 பண்புகளை எடுத்து ஆராய்ந்தார் என்பது பாடம். ஒரு மாணவனும் ஒரு மாணவியும் 17 பண்புகள் என்று எழுதியிருந்தார்கள். அது மட்டுமா? இருவர் தாளிலும் ‘பட்டாணி’ என்பது ‘பாட்டணி’ ஆகியிருந்தது. இது தற்செயலாக நடக்காது. அந்த மாணவி அவனுக்கு நேர் பின்னால் உட்கார்ந்து எழுதியவள். “பார்த்து எழுதினாயா?” என்று வகுப்பிலேயே கேட்டுவிட்டேன். அவள் பதில் சொல்லாமல் அழுதாள்.

மறுநாள் ஒரு பழைய நோட்டைக் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தாள். முந்தைய ஆண்டு படித்த ஓர் அக்காவின் நோட்டு அது. அதில் ‘17’ இருந்தது, ‘பாட்டணி’யும் இருந்தது. அந்த நோட்டு அவன் வீட்டுக்கும் போயிருக்கிறது, இவள் வீட்டுக்கும் போயிருக்கிறது. இருவரும் தனித்தனியே அதைப் படித்திருக்கிறார்கள். ஒருவரை ஒருவர் பார்த்து எழுதவில்லை. அதே வகுப்பில் நின்று அவளிடம் மன்னிப்புக் கேட்டேன்.

ஒரே பிழை இருந்தால் தொடர்பு உண்டு. நான் அதுவரை சரியாகத்தான் நினைத்தேன். ஆனால் அது எந்த வகைத் தொடர்பு? ஒன்றிலிருந்து மற்றொன்று வந்ததா, இரண்டும் மூன்றாவது ஒன்றிலிருந்து வந்தனவா? அதைப் பார்க்காமல் தீர்ப்புச் சொன்னதுதான் என் தவறு. இந்தக் கேள்வியை நினைவில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

ஒரு மாணவன் கேட்ட கேள்வி

எங்கள் பள்ளி காவிரிப் பாசனத்தின் கடைமடைப் பகுதியில் இருக்கிறது. பாதிக்கு மேற்பட்ட பிள்ளைகளின் வீட்டில் மாடு உண்டு. சென்ற மழைக்காலத்தில் ஊருக்குள் கோமாரி வந்தது. ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் நான்கு நாட்கள் பள்ளிக்கு வரவில்லை. வந்தபோதும் யாரோடும் பேசவில்லை. விசாரித்தேன். அவன் வீட்டில் புதிதாகச் சந்தையில் ஒரு மாடு வாங்கியிருக்கிறார்கள். அது வந்த பிறகுதான் தெருவில் நோய் என்று ஊரே சொல்கிறது. எதிர்வீட்டுக் கன்று செத்துப்போனது. இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை நின்றுவிட்டது. அவனுடைய அப்பாயி சாப்பிடாமல் கிடக்கிறார்.

“எங்க மாட்டாலதான் வந்துச்சுன்னு அவங்களுக்கு எப்படி டீச்சர் தெரியும்?” என்று கேட்டான்.

நல்ல கேள்வி. அறிவியல் கேள்வி. எனக்கு அன்று பதில் தெரியவில்லை. தேடிப் படித்தேன். படித்ததைத்தான் இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

கோமாரி: சில அடிப்படைகள்

கால் காணை, வாய்க் காணை, கோமாரி என்று ஊருக்கு ஊர் பெயர் மாறும். மாடு, எருமை, ஆடு, பன்றி போன்ற பிளவுபட்ட குளம்புள்ள விலங்குகளுக்கு வரும் நோய். காய்ச்சல், வாயிலும் குளம்பிடுக்கிலும் மடியிலும் கொப்புளம், நூல்போல வடியும் எச்சில், தீவனம் எடுக்காமை, பால் குறைதல் ஆகியவை அறிகுறிகள். வளர்ந்த மாடுகள் பெரும்பாலும் பிழைத்துவிடும். இளங்கன்றுகளில் வைரஸ் இதயத் தசையைத் தாக்குவதால் திடீரென்று இறந்துவிடும்.

பிள்ளைகள் ஒரு விஷயத்தைக் குழப்பிக்கொள்வார்கள். சிறு குழந்தைகளுக்குக் கை, கால், வாயில் கொப்புளம் வரும் நோய் வேறு; அதை உண்டாக்கும் வைரஸும் வேறு. மாட்டுக் கோமாரி அந்த நோயல்ல என்று வகுப்பில் தெளிவாகச் சொல்லிவிடுவது நல்லது.

வரலாற்றில் கோமாரி வைரஸுக்குத் தனி இடம் உண்டு. 1898-இல் ஜெர்மனியின் பிரெடரிக் லோஃப்லரும் பால் ஃபிராஷும், பாக்டீரியாவை வடிகட்டிவிடும் வடிப்பானையும் தாண்டிச் செல்லும் ஒரு நோய்க்காரணி இதற்குப் பின்னால் இருப்பதைக் காட்டினார்கள். விலங்குகளில் நோய் உண்டாக்குவதாக முதன்முதலில் அறியப்பட்ட வைரஸ் இதுதான். இதில் ஓ, ஏ, சி, ஏசியா 1, சாட் 1, சாட் 2, சாட் 3 என ஏழு வகைகள். நம் நாட்டில் ஓ, ஏ, ஏசியா 1 ஆகிய மூன்றுக்கும் சேர்த்துத் தடுப்பூசி போடுகிறார்கள். ஒரு வகைக்கு உண்டான எதிர்ப்பாற்றல் இன்னொரு வகையைத் தடுக்காது.

வைரஸ் செய்யும் எழுத்துப்பிழை

கோமாரி வைரஸின் மரபுப்பொருள் ஒற்றை இழை ஆர்.என்.ஏ. ஏ, சி, ஜி, யு என்ற நான்கு எழுத்துகளால் எழுதப்பட்ட, ஏறத்தாழ 8,400 எழுத்துகள் கொண்ட ஒரே நீண்ட வாக்கியம் என்று அதை நினைத்துக்கொள்ளலாம். இந்த முழு வாக்கியம்தான் அதன் மரபணுத்தொகுதி. அதை எழுத்து எழுத்தாகப் படித்துப் பதிவு செய்வதுதான் மரபணு வரிசைப்படுத்துதல்.

வைரஸ் செல்லுக்குள் நுழைந்ததும் இந்த வாக்கியத்தைத் திரும்பத் திரும்ப நகல் எடுக்கிறது. நம் செல்களில் டி.என்.ஏ. நகலாகும்போது, எழுதியதைச் சரிபார்த்துத் திருத்தும் ஏற்பாடு உண்டு. கோமாரி வைரஸின் நகலெடுக்கும் நொதிக்கு அந்தத் திறன் இல்லை. திருத்தாமல் கொடுத்த நோட்டுப்போல, பிழை அப்படியே நின்றுவிடும். அடுத்த நகல் அந்தப் பிழையோடு சேர்த்து எடுக்கப்படும். அதில் புதுப்பிழையும் சேரலாம். நம் பாடநூல் இதைத்தான் சடுதிமாற்றம் என்கிறது.

பெரும்பாலான பிழைகளால் நோயின் தன்மையில் மாற்றம் இல்லை. ஆனால் அவை அழியாத அடையாளமாக இருக்கின்றன. ஒரு பண்ணையிலிருந்து அடுத்த பண்ணைக்குப் பரவும்போது ஒரு சில எழுத்துகள் மாறுகின்றன. எந்த மாற்றம் எந்த மாதிரியில் இருக்கிறது என்று அடுக்கிப் பார்த்தால் வைரஸ் வந்த வழி தெரியும். அக்காவின் நோட்டில் இருந்த ‘பாட்டணி’ இரண்டு வீடுகளுக்குப் போனதைப்போல.

எப்படிப் படிக்கிறார்கள்?

நோயுற்ற மாட்டின் கொப்புளத் தோலிலிருந்தோ கொப்புள நீரிலிருந்தோ மாதிரி எடுக்கிறார்கள். குளிர் குறையாமல் ஆய்வகத்துக்கு அனுப்புகிறார்கள். அங்கே ஆர்.என்.ஏ.வைப் பிரித்தெடுத்து, ஒரு நொதியின் உதவியால் அதை டி.என்.ஏ. வடிவத்துக்கு மாற்றுகிறார்கள். கொரோனா காலத்தில் நாமெல்லாம் கேள்விப்பட்ட பி.சி.ஆர். முறையில் அதைப் பல மடங்கு பெருக்குகிறார்கள். பின்னர் துண்டு துண்டாகப் படிக்கிறார்கள்.

ஒரு துண்டின் கடைசிப் பகுதியும் அடுத்த துண்டின் முதல் பகுதியும் ஒன்றாக இருக்கும். கிழிந்த செய்தித்தாளின் இரண்டு பிரதிகள் இருந்தால், ஒன்றில் விட்டுப்போனதை மற்றொன்றில் பார்த்து முழுச் செய்தியையும் சேர்த்துவிடலாம் அல்லவா? அந்த வேலையைக் கணினி செய்கிறது. முழு வாக்கியம் கிடைத்ததும் அதை மற்ற மாதிரிகளின் வாக்கியங்களோடு வரிக்கு வரி ஒப்பிடுகிறார்கள்.

சர்ரே, 2007

இங்கிலாந்தில் 2001-இல் பெரிய கோமாரிப் பரவல் நடந்தது. அதைக் கட்டுப்படுத்த 60 லட்சத்துக்கும் மேற்பட்ட கால்நடைகளைக் கொன்றார்கள். அந்தக் காயம் ஆறுவதற்குள், 2007 ஆகஸ்ட் 3 அன்று சர்ரே மாவட்டத்தின் ஒரு பண்ணையில் மீண்டும் கோமாரி உறுதி செய்யப்பட்டது.

எங்கிருந்து வந்தது? வெளிநாட்டு இறைச்சியா, காற்றா, மாட்டு வியாபாரமா? வரிசையைப் படித்துப் பார்த்தார்கள். அது ஓ வகை வைரஸ். 1967-இல் அதே நாட்டில் நோய்ப் பரவலின்போது எடுத்துவைக்கப்பட்ட ஒரு பழைய வைரஸோடு ஏறக்குறைய அப்படியே ஒத்துப்போனது.

இங்கே சற்று நிதானித்து யோசிக்க வேண்டும். 40 ஆண்டுகள் ஊர் ஊராக மாடுகளில் சுற்றி வந்த வைரஸ் என்றால் அதில் எத்தனையோ பிழைகள் சேர்ந்திருக்க வேண்டும். சேரவில்லை. அப்படியென்றால் இத்தனை ஆண்டுகளும் அது மாடுகளில் இல்லை. எங்கோ பத்திரமாகப் பாதுகாக்கப்பட்டிருக்கிறது. அந்தப் பழைய வைரஸ் ஆய்வுக்கும் தடுப்பூசி தயாரிப்புக்கும் பயன்படுத்தப்பட்டு வந்தது. நோய் கண்ட பண்ணையிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில் உள்ள பிர்பிரைட் வளாகத்தில், ஓர் ஆய்வு நிறுவனமும் ஒரு தடுப்பூசி நிறுவனமும் அதைக் கையாண்டன. அரசு அமைத்த விசாரணைகள், வளாகத்தின் பழுதடைந்த கழிவுநீர்க் குழாய்களிலிருந்து கசிந்த வைரஸ், அங்கு நடந்த கட்டட வேலைக்கு வந்த வண்டிகளில் ஒட்டிய மண்ணோடு வெளியே போயிருக்கக்கூடும் என்ற முடிவுக்கு வந்தன.

கோமாரியை ஆராய்வதற்கென்றே இருந்த இடத்திலிருந்தே கோமாரி வெளியேறியது. அதைக் காட்டிக்கொடுத்ததும் அங்கே வளர்ந்த அறிவியல்தான். அந்த வரிசைகளைப் படித்து வெளியிட்டவர்களில் அதே நிறுவனத்தின் விஞ்ஞானிகளும் இருந்தார்கள். தங்கள் வீட்டுத் தவறைத் தாங்களே அளந்து சொன்ன அந்த நேர்மையை நம் மாணவர்களுக்குத் தவறாமல் சொல்ல வேண்டும்.

செப்டம்பரில் வந்த சந்தேகம்

ஆகஸ்டில் இரண்டு பண்ணைகளோடு நோய் நின்றது. செப்டம்பர் 8 அன்று நோய் ஒழிந்ததாக அறிவித்தார்கள். நான்கே நாட்களில், செப்டம்பர் 12 அன்று, வேறோர் ஊரில் மீண்டும் நோய்!

இப்போது கேள்வி இதுதான். அதே வளாகத்திலிருந்து வைரஸ் இரண்டாம் முறையாகக் கசிந்ததா? அல்லது ஆகஸ்டில் தொடங்கிய சங்கிலி எங்கோ கண்ணில் படாமல் ஓடிக்கொண்டிருந்ததா? முதலாவது என்றால் வளாகத்தைத்தான் மீண்டும் சோதிக்க வேண்டும். இரண்டாவது என்றால் ஊர் ஊராகப் பண்ணைகளைத் தேட வேண்டும். என் விடைத்தாள் கேள்வியேதான்: இரண்டும் ஒரே நோட்டிலிருந்து வந்தனவா, ஒன்றைப் பார்த்து மற்றொன்று எழுதப்பட்டதா?

முழு மரபணுத்தொகுதியையும் உடனுக்குடன் படித்தார்கள். செப்டம்பர் வைரஸில், ஆகஸ்ட் பண்ணை வைரஸில் புதிதாக உண்டான மாற்றங்களும் இருந்தன. வளாகத்திலிருந்து நேரடியாக மீண்டும் கசிந்திருந்தால் அவை இருக்க வாய்ப்பில்லை. ஆக, அது ஆகஸ்ட் சங்கிலியின் தொடர்ச்சி.

இன்னொன்றும் தெரிந்தது. ஆகஸ்ட் வைரஸுக்கும் செப்டம்பர் வைரஸுக்கும் இடையே இருந்த மாற்றங்களின் எண்ணிக்கை, ஒரே தாவலில் நேர்ந்ததாகக் கொள்ள முடியாத அளவுக்கு அதிகமாக இருந்தது. இடையில் கண்டுபிடிக்கப்படாத பண்ணை இருக்க வேண்டும் என்று விஞ்ஞானிகள் கணித்தார்கள். அப்பகுதியில் நடந்த சோதனைகளில், ஆறிப்போன பழைய புண்களோடு மாடுகள் நின்ற ஒரு பண்ணை கண்டறியப்பட்டது. மொத்தம் எட்டுப் பண்ணைகளோடு அந்தப் பரவல் நிறுத்தப்பட்டது.

நம் நாட்டுக்கு என்ன பயன்?

இங்கிலாந்தில் கோமாரி எப்போதோ வரும் விருந்தாளி. நமக்கு அது வீட்டிலேயே இருக்கும் நோய். 2013-இல் தென்மாநிலங்களில் பரவி, நம் காவிரிப் படுகை மாவட்டங்களிலும் மாடுகளைப் பறித்த கோமாரியை நம்மில் பலர் மறந்திருக்க மாட்டோம். அது ஓ வகை. ஓ வகைக்குள்ளும் கிளைகள் உண்டு. 2001-ஆம் ஆண்டின் பெயரால் ‘இந்த்-2001’ என்று அழைக்கப்படும் ஒரு கிளை, இந்தியத் துணைக்கண்டத்திலிருந்து கிளம்பி மேற்கு ஆசியா, வட ஆப்பிரிக்கா, தென்கிழக்கு ஆசியா வரை சென்றது. வரிசைப்படுத்துதல் இல்லையென்றால் இந்தப் பயணம் யாருக்கும் தெரிந்திருக்காது.

நம்மைப் போன்ற நாடுகளில் இதன் முக்கியப் பயன் தடுப்பூசியைச் சரிபார்ப்பது. வைரஸின் வெளியுறைப் புரதங்களில் ஒன்று விபி1. நம் மாட்டின் எதிர்ப்பொருள்கள் அடையாளம் காணும் முக்கியப் பகுதிகள் அதில் உள்ளன. அதற்கான மரபணுவில் ஏறத்தாழ 630 எழுத்துகள்தான். அந்தப் பகுதியை மட்டும் படித்தாலே எந்தக் கிளை வந்திருக்கிறது என்று அறியலாம். அந்தக் கிளைக்கு இப்போதைய தடுப்பூசி வேலை செய்யுமா என்று ஆய்வகத்தில் சோதித்து முடிவு செய்யலாம். 2019-இல் தொடங்கிய தேசியக் கால்நடை நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு இருமுறை இலவசமாகத் தடுப்பூசி போடப்படுகிறது. அந்த ஊசிக்குப் பின்னால் இத்தனை வாசிப்பு இருக்கிறது.

வெக்கை நோயின் கதையையும் பிள்ளைகளிடம் சொல்லலாம். மாடுகளைக் கூட்டம் கூட்டமாகக் கொன்ற அந்த நோய் 2011-இல் உலகிலிருந்தே ஒழிக்கப்பட்டது. ஆனால் வைரஸ் ஆய்வகங்களில் சேமிப்பில் இருந்தது. பிர்பிரைட் நிறுவனம் தன்னிடம் இருந்தவற்றின் வரிசைகளைப் படித்து வைத்துக்கொண்டு, 2019-இல் அந்த வைரஸ் சேமிப்பை அழித்தது. எழுத்து கையில் இருக்கும்போது, ஆபத்தைப் பெட்டியில் பூட்டி வைத்திருக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

வகுப்பறையில் செய்து பார்க்க

இதற்குச் செலவே இல்லை. நான்கு எழுத்துகளுக்குப் பதில் 1 முதல் 4 வரை எண்கள். கரும்பலகையில் இதை எழுதுங்கள். ஒவ்வொரு தாவலுக்கும் ஓர் எண் மட்டும் மாறும் என்பது விளையாட்டின் விதி.

மூலம்: 4132 2413 1342
பண்ணை அ: 4132 2413 1242
பண்ணை ஆ: 4132 2113 1242
பண்ணை இ: 3122 2113 1241

முதல் கேள்வி: ‘இ’ மூலத்திலிருந்து நேராக வந்ததா? இல்லை, ‘அ’வில் உண்டான மாற்றமும் ‘ஆ’வில் உண்டான மாற்றமும் அதில் இருக்கின்றன. இரண்டாவது கேள்வி: ‘ஆ’விலிருந்து ‘இ’ நேராக வந்ததா? மாறிய எண்களை எண்ணச் சொல்லுங்கள். மூன்று. ஒரு தாவலுக்கு ஒரு மாற்றம் என்றால் மூன்று தாவல். அப்படியானால் இடையில் நாம் பார்க்காத இரண்டு பண்ணைகள்.

விளையாட்டுக்கும் இயற்கைக்கும் உள்ள வேறுபாட்டையும் சொல்லிவிட வேண்டும். உண்மையில் ஒரு தாவலுக்கு இத்தனை மாற்றம் என்பது சராசரிதான். ஒருமுறை ஒன்றும் மாறாமல் போகலாம், மறுமுறை பல மாறலாம். அதனால்தான் விஞ்ஞானிகள் வரிசையை மட்டும் நம்புவதில்லை. மாடு எப்போது வாங்கப்பட்டது, புண் எத்தனை நாள் பழையது, யார் எங்கே போனார் என்ற கள விவரங்களையும் சேர்த்தே முடிவு சொல்கிறார்கள்.

என் ஒன்பதாம் வகுப்பில் இதைச் செய்தபோது, அந்த மாணவன் வெகுநேரம் கரும்பலகையையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு சொன்னான்: “நடுவுல ரெண்டு வீடு இருக்கு டீச்சர். அவங்க சொல்லல.”

வகுப்பு அமைதியானது. எங்கள் ஊரில் யாரும் வரிசையைப் படிக்கவில்லை. எந்த மாட்டிலிருந்து எந்த மாட்டுக்கு என்று நான் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஒருமுறை தீர்ப்புச் சொல்லிப் பட்டுவிட்டேன். ஆனால் கள விவரம் கேட்கலாம் அல்லவா? சந்தை மாடு என்றைக்கு வந்தது என்று கேட்டேன். வியாழக்கிழமை மாலை. எதிர்வீட்டுக் கன்றுக்கு எப்போது எச்சில் வடியத் தொடங்கியது? வெள்ளிக்கிழமை காலையிலேயே. கோமாரியின் நோயரும்பும் காலம் பொதுவாக 2 முதல் 14 நாட்கள். பிள்ளைகளே கணக்குப் போட்டார்கள். வியாழன் மாலை வந்த மாட்டிடமிருந்து வெள்ளி காலைக்குள் நோய் வந்திருப்பது கடினம். கன்றுக்குள் வைரஸ் அதற்கு முன்பே புகுந்திருக்கத்தான் வாய்ப்பு அதிகம்.

அவன் அதைத் தன் நோட்டில் எழுதிக்கொண்டான். வீட்டில் காட்டினானாம். எதிர்வீட்டார் ஏற்றுக்கொண்டார்களா என்று நான் கேட்கவில்லை. அப்பாயி சாப்பிட்டார் என்று மட்டும் சொன்னான்.

ஊர் பழி சொல்லும் என்று பயந்துதான் பலர் நோயை மறைக்கிறார்கள். மறைப்பதால் சங்கிலி நீள்கிறது. மாட்டுக்கு எச்சில் வடிந்தால் அன்றே கால்நடை மருந்தகத்துக்குச் சொல்ல வேண்டும், அந்த மாட்டைத் தனியே கட்ட வேண்டும், மற்றவற்றோடு ஒரே தொட்டியில் தண்ணீர் காட்டக் கூடாது, சந்தைக்கு ஓட்டக் கூடாது, முகாம் நாளில் தடுப்பூசியைத் தவறவிடக் கூடாது. இவற்றை நம் பிள்ளைகள் வீட்டில் போய்ச் சொன்னால் ஊர் கேட்கும்.

சங்கிலியைத் தேடுவது அதை எங்கே அறுக்கலாம் என்று தெரிந்துகொள்ளத்தான். யாரைத் திட்டலாம் என்று தெரிந்துகொள்ள அல்ல. விடைத்தாள் திருத்தும்போது இப்போதெல்லாம் ஒரே பிழை கண்ணில் பட்டால், நான் முதலில் அந்த நோட்டைத் தேடுகிறேன்.